கான்டிலீவர்: நாயா, கையா?

ஒரு முனை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்டு, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் விட்டமோ பலகமோ கான்டிலீவர். நம் வீட்டு சன்ஷேடும் தூணில்லாத பால்கனியும் இந்தக் குடும்பம்தான். சாதாரணக் கூரைப் பலகம் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் முக்கியக் கம்பி அடியில் போகும். கான்டிலீவரில் எல்லாம் தலைகீழ். நுனி தாழும்போது மேற்பரப்புதான் இழுபடும், ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது யாராவது அதை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால், முட்டு பிரித்த அன்றே பலகம் விழலாம்.

பழைய பள்ளிகளில் புதிய கட்டிடம் எழும்போது இந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளியில், 1897 முதல் 1909 வரை கட்டப்பட்ட மெக்கின்டாஷ் கட்டிடத்துக்கு எதிரே, 2014இல் ரீட் கட்டிடம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஸ்டீவன் ஹால். கட்டமைப்புப் பொறியியல் அரூப் நிறுவனம். அந்த மனையில் இருந்த பழைய கல் கட்டிடத்தை இடிக்கவில்லை, புதியது அதன் தலைக்கு மேல் நீண்டு நிற்கிறது. பழைய சுவரில் பாரம் ஏற்றாமல் அதற்கு மேலே இடம் பிடிக்க இதைவிட நல்ல வழி ஏது?

சரி, சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்குகிறது. பின்பாதி 'லீவர்', அதாவது நெம்புகோல். முன்பாதியில்தான் சண்டை. சரிவைக் குறிக்கும் 'கான்ட்' என்பது ஒரு கட்சி. ஸ்பானிய மொழியில் நாயைக் குறிக்கும் 'கான்' என்பது இன்னொன்று. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரமுனைக்கும் அங்கே அதே பெயர்.

கான்டிலீவருக்குத் தமிழ்ப் பெயர் தேடினால் போதிகையும் கொடுங்கையும் உடனே நினைவுக்கு வரும். ஆனால் போதிகை தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு. கொடுங்கை கோயில் கூரை விளிம்பில் வளைந்திறங்கும் கல். இரண்டையும் பொதுப்பெயராக்கினால் குழப்பம்தான். 'துருத்து விட்டம்' பொருளில் சரி, பாலத்துக்கு ஒட்டாது.

என் ஓட்டு 'நெடுங்கை'க்கு. ஸ்காட்லாந்தின் கான்டிலீவர் ரயில் பாலமான ஃபோர்த் பாலத்தின் (1890) தத்துவத்தை விளக்க, அதன் பொறியாளர் பெஞ்சமின் பேக்கர் 1887இல் மனிதர்களையே உட்காரவைத்தார். நாற்காலியில் இருவர் கைகளை இருபுறமும் நீட்டியிருக்க, நடுவில் தொங்கிய பலகையில் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வத்தனபே. வெளிப்பக்கம் எதிர்ப்பாரமாகச் செங்கல். தோளில் பிடிப்பு, கைநுனியில் பாரம்! அப்புறம் நெடுங்கை விட்டம், நெடுங்கைப் பலகம், நெடுங்கைப் பாலம் என்று தயங்காமல் எழுதலாம்.