தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடும் பிள்ளை

"ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் ஆக்குறான் டாக்டர். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி வேணும். பல்லைப் பார்த்து முடிச்சதும் பசிக்கு ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

எட்டு வயதுப் பையன். கீழ்த் தாடையில் இடது கடைவாய்ப்பல் மஞ்சளும் பழுப்புமாக, ஓரம் உதிர்ந்து நின்றது. வலது பக்கத்துப் பல்லில் மஞ்சள் திட்டு மட்டும், உடையவில்லை. காற்றுக் குழாயை அருகில் கொண்டு போனதுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இடது பக்கம் முழுக்க அழுக்குப் படிந்திருந்தது. பிரஷ் பட்டால் கூசும், அதனால் அந்தப் பக்கம் தேய்ப்பதே இல்லை. மெல்லுவதும் இல்லை. முன்பல்லால் கொறித்து, தண்ணீரை ஊற்றி விழுங்கிவிடுகிறான். டானிக் எழுதவில்லை.

இந்தப் பல் ஆறு வயதுவாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் முளைக்கும். அதனாலேயே பலர் இதையும் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இது விழுந்தால் மறுபடி முளைக்காது. மெல்லும் வேலையில் பெரும் பங்கு இதன் தலையில்தான்.

இதன் எனாமல் பிறந்த சமயத்தில் உருவாகத் தொடங்கி மூன்று வயதுக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் ஏதோ ஒரு தடங்கல் வந்தால், எனாமல் தேவையான கனத்தில் இருக்கும், ஆனால் தாது குறைந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரிப் பொருபொருவென்று ஆகிவிடும். கடிக்கக் கடிக்க உதிரும். எம்.ஐ.எச். (கடைவாய்ப்பல், முன்பல் எனாமலில் தாதுக் குறைவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று 2001-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் 13, 14 பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். சிறு வயதுக் காய்ச்சல், பிரசவச் சிக்கல், பரம்பரை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இதுதான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. அந்த அம்மாவிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: உங்கள் மேல் தப்பில்லை, சாக்லேட் மேலும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோர் இதைத் தண்ணீர்க் கறை, அதாவது குடிநீரில் இருக்கும் ஃப்ளோரைடால் வரும் கறை, என்று நினைப்பதுண்டு. ஃப்ளோரைடு கறை பல பற்களில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல், மங்கலாகப் பரவியிருக்கும். இதில் திட்டுக்கு எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் மோசமாகவும் மறு பக்கம் லேசாகவும் இருக்கலாம்.

பொருபொருத்த எனாமலில் அடைப்பை ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் இப்படி உதிர்ந்த பல்லைச் சாதாரணமாக அடைத்தால் ஓரம் விட்டுப்போய் மறுபடி வருவார்கள். உள்ளே நரம்பும் ஏற்கெனவே சிவந்து கிடப்பதால், ஊசி போட்டாலும் சில நேரம் சரியாக மரத்துப்போகாது. நான் முதலில் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளால் மூடிக் கூச்சத்தை அடக்கிவிட்டு, பிறகு எஃகுக் கேப் போடுகிறேன். பற்களுக்கிடையே ரப்பர் வளையம் சில நாள் வைத்து இடம் உண்டாக்கினால், சில பிள்ளைகளுக்கு டிரில்லே தேவைப்படாது. "வெள்ளியாத் தெரியுமே" என்று தயங்காதீர்கள். கடைசிப் பல், சிரிப்பில் அவ்வளவாகத் தெரியாது. காப்பாற்றவே முடியாத பல் என்றால், எக்ஸ்ரே பார்த்து எட்டிலிருந்து பத்து வயதுக்குள் எடுத்தால், பின்னால் வரும் பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வர வாய்ப்பு உண்டு. அந்த வயது தாண்டினால் வாய்ப்பு குறையும்.

எவ்வளவு நன்றாக மெல்லுகிறான் என்று பார்க்க, கேப் போடும் முன் பையனிடம் இரண்டு நிறச் சூயிங்கம் கொடுத்து, இருபது தடவை மென்று துப்பச் சொன்னேன். துப்பியதைத் தட்டையாக்கிப் பார்த்தால் இரண்டு நிறமும் கோடு கோடாகத் தனித்தனியே கிடந்தன. வலது பல்லுக்கு சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு பூசி, இடது பல்லுக்குக் கேப் போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கொடுத்தேன். நிறங்கள் பெரும்பாலும் கலந்திருந்தன. ஆனால் வலது பக்கத்தில் மட்டுமே மென்றான்! வலி போனாலும் தாடைக்குப் பழைய பழக்கம் போகவில்லை. இடது பக்கம் தோசை ஓரம், பிறகு கொய்யாத் துண்டு, பிறகு முறுக்கு என்று அம்மாவிடம் வரிசை சொல்லி அனுப்பினேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் "பல் வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். முளைத்த நாளிலிருந்தே கூசும் பல் அது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். ஐஸ்கிரீமைக் கடிக்கிறானா, நக்குகிறானா என்று பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது அம்மா சொன்னார்: "சாப்பாட்டு நேரத்துக்குன்னு குடுத்து விடுற தண்ணி பாட்டில் இப்பல்லாம் பாதி அப்படியே திரும்பி வருது டாக்டர்."