டம்ளர் ஒன்று, வெளிச்சம் பல

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அம்மா கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. விளிம்புக்குச் சற்றுக் கீழே, புள்ளி புள்ளியாக அவர் பெயரை வெட்டியிருப்பார்கள். நாற்பது வருடம் தேய்த்துக் கழுவியதில் அந்த எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. முழுக்க அழிவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். முதல் படத்தில் பெயர் விழவே இல்லை. கைபேசியைப் பிடித்திருந்த என் விரல்கள், சன்னல் கம்பி, எதிர் புளோக்கின் மாடி வரிசை, துணி காயும் கழி எல்லாம் வளைந்து நெளிந்து விழுந்திருந்தன.

அங்கே தொடங்கியது, ஒரே டம்ளரைப் பல ஓவிய பாணிகளில் எடுத்துப் பார்க்கும் வேலையாக வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு பாணிக்கும் அடியில் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் விலை உயர்ந்த கேமரா இல்லாமலே பாதி தூரம் போய்விடலாம்.

உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. ஒளி வந்து பட்டதும் அவை அதோடு சேர்ந்து அசைந்து, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. தாமிரமும் தங்கமும் நீல ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடுவதால்தான் அவற்றுக்குச் சிவப்பும் மஞ்சளும். எவர்சில்வர் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்புகிறது. அதனால் அதற்கென்று சொந்த நிறம் இல்லை, சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழிவந்தது நம் டம்ளர். அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு படலம் மேலே மூடியிருப்பதால் துரு ஏறுவதில்லை. அந்தப் படலம் ஒளியை மறைப்பதும் இல்லை. நாற்பது வருடம் கழித்தும் டம்ளர் கண்ணாடியாகவே இருப்பது இதனால்தான்.

ஆனால் இது வளைந்த கண்ணாடி. சமதளக் கண்ணாடியை ஒரு கோணம் திருப்பினால், பிரதிபலிப்பு அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும். டம்ளரின் நடுப்பகுதி உங்களை நேராகப் பார்க்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக மேற்பரப்பு 90 டிகிரி திரும்புகிறது. அப்படியானால் பிரதிபலிப்பு 180 டிகிரி திரும்ப வேண்டும். அதாவது, டம்ளரின் ஓரத்தில் தெரிவது டம்ளருக்குப் பின்னால் இருக்கும் பொருள்! ஆரத்தில் சுமார் 70 சதவீத தூரம் வரைக்கும் தெரிவது உங்கள் பக்கத்து அரை அறை. பின்பக்கத்து அரை அறை முழுவதும் மிச்சமுள்ள 30 சதவீதத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறது.

கேட்கச் சாதாரணமாக இருக்கும், செய்து பார்த்தால் அசந்துபோவீர்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். இரண்டு ஓரத்திலும் மையால் இழுத்ததுபோல் கறுப்புக் கோடு விழும், கோட்டோவியம் மாதிரி. துணியை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் வையுங்கள். ஓரம் கரைந்து டம்ளர் காற்றில் மிதக்கும். டம்ளரை விரலால்கூடத் தொடவில்லை, அதன் முதுகுக்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் மாற்றினோம். கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைசர் வில்லையை மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடி, தண்ணீர், பளபளப்பான மேசை ஆகியவற்றுக்கு அது நன்றாக வேலை செய்யும். உலோகத்திலிருந்து திரும்பும் ஒளி பெரிதாகத் தளவாக்கம் அடைவதில்லை, அதாவது அதன் அதிர்வு ஒரே திசைக்கு ஒழுங்காவதில்லை, அதனால் டம்ளரிடம் அது பலிக்காது.

அப்புறம் டச்சுக்காரர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹார்லெம் நகரில் வில்லெம் கிளாஸ் ஹேடா, பீட்டர் கிளாஸ் போன்றவர்கள் வெள்ளிக் குவளை, ஈயத்தட்டு, பாதி உரித்த எலுமிச்சம்பழம் என்று வரைந்து தள்ளினார்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, பின்னால் மங்கிய சுவர். அந்த இருட்டை வீட்டில் கொண்டுவர ஒரு கணக்கு போதும். சிறிய விளக்கின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு டம்ளரிலிருந்து 50 செ.மீ. தள்ளியும் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் இருந்தால், டம்ளருக்குக் கிடைப்பதில் 16இல் 1 பங்குதான் சுவருக்குப் போகும். டம்ளரின் பளீர் பகுதிக்கு ஏற்றபடி கேமராவை அமைத்தால் சுவர் தானாக இருளில் அமிழ்ந்துவிடும். சன்னல் பெரியதாக இருப்பதால் அதன் ஒளி இவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனால் டம்ளரின் மேல் வழவழவென்று ஒரு நீண்ட வெள்ளைப் பட்டையை வரைந்து கொடுக்கும். எனக்குப் பிடித்தது சன்னல்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஹார்லெமில் சூரியன் எப்போதும் சாய்ந்தே போகும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் நடுப்பகலில் நம் நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். அந்த நடுப்பகலும் கடிகாரத்தில் 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் கடிகாரம் நாம் இருக்கும் தீர்க்கரேகைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய 1 மணி ஆகிவிடும். சாயங்காலமும் சூரியன் செங்குத்தாக விழுவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடுகிறது, இருபது நிமிடம் சொச்சம்தான். குளோட் மோனே 1890, 91இல் வைக்கோல் போர்களை விதவிதமான வெளிச்சத்தில் இருபத்தைந்து தடவை போல வரைந்தார். நம் ஊர் அந்தியில் அவர் கேன்வாஸை மாற்றுவதற்குள் விளக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

உச்சிவெயிலில் டம்ளரை வெளியே வைத்தால் விளிம்பு மட்டும் எரியும், உடம்பு செத்துக் கிடக்கும். அதற்கு மருந்து நம் லிட்டில் இந்தியாவான தேக்காவிலேயே இருக்கிறது: அஞ்சடி. பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் அந்தக் கூரையிட்ட நடைபாதைக்கு வேர், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கட்டியது, படம் எடுப்பவருக்கோ அது ஒரு வரம். மேலிருந்து வரும் ஒளியைக் கூரை தடுத்துவிடுகிறது, ஒரு பக்கம் கடைச்சுவர், தெருப்பக்கம் மட்டும் திறப்பு. பகல் 1 மணிக்கும் அங்கே வெளிச்சம் பக்கவாட்டில்தான் வரும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அஞ்சடியில், தூணோரம் மர முக்காலி போட்டு டம்ளரை வைத்து எடுத்தேன். ஹார்லெம் சன்னலுக்கு ஈடான ஒளி. ஓரத்தில் பூக்கடையின் செவ்வந்தி மஞ்சள் ஒரு மெல்லிய கீற்றாக ஏறியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும், பூக்கடை டம்ளருக்குப் பின்னால் இருந்தது.

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்தால் வில்லையில் பனி படிவதை இங்கே எல்லாரும் பார்த்திருப்பார்கள். நம் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. வில்லை அதைவிடக் குளிர்ந்திருந்தால் நீராவி அதன்மேல் நுண்துளிகளாகப் படியும். ஒவ்வொரு துளியும் ஒளியைச் சற்றே சிதறடிக்க, பளிச்சிடும் இடத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் பரவும். 1900 வாக்கில் படத்தை ஓவியம்போல் ஆக்க விரும்பியவர்கள் இதற்காகவே மென்மை வில்லைகளைத் தேடினார்கள். நமக்கு அது சும்மா கிடைக்கிறது. பனி விலகும் அந்தச் சில நிமிடங்களில் வரிசையாக எடுங்கள், எது அழகு என்று அப்புறம் பார்க்கலாம். எடுத்து முடித்ததும் வில்லையைக் காயவிடுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், நம் ஊரில் வில்லைகளைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி காப்பி ஆற்றுவோம். டம்ளரிலிருந்து டபராவுக்கு 60 செ.மீ. உயரத்திலிருந்து விழும் காப்பி, கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 3.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டர் நொடியில் 15இல் 1 பங்கு திறந்திருந்தால், அதற்குள் காப்பி 23 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் தெரிவது பட்டுத்துணி. அதையே 1000இல் 1 பங்காக்கினால் நகர்வு 3.4 மில்லிமீட்டர்தான், பட்டு கலைந்து முடிச்சும் துளியுமாகத் தெரியும். திரவத் தாரை தன் சுற்றளவைவிட நீளமான நெளிவுகளைத் தாங்காது. மேற்பரப்பு இழுவிசை அந்த நெளிவுகளை இறுக்கி இறுக்கித் துளிகளாக அறுத்துவிடும். இதை இயற்பியலாளர்கள் ஜோசப் பிளாட்டோவும் ராலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்கள். நம் கண் பார்க்கும் ஒற்றைத் தாரை, அடிப்பகுதியில் பெரும்பாலும் துளிகளின் வரிசை. எம்ஐடி பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன் 1957இல் பால்துளி தெறித்துக் கிரீடமாக எழுவதைப் படம் எடுத்தது ஷட்டரை நம்பி அல்ல, மிகக் குறுகிய மின்னல் ஒளியை நம்பி. வீட்டில் தனி பிளாஷ் இருந்தால் அதன் சக்தியைக் குறைத்துப் பாருங்கள். மின்னும் நேரமும் சுருங்கும், துளி இன்னும் கூர்மையாக உறையும்.

கியூபிச பாணிக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். மேலிருந்து வட்டமாக ஒன்று, பக்கத்திலிருந்து நெடுக ஒன்று, அடிப்பாகம் ஒன்று எனப் பல படங்களை ஒன்றாக ஒட்டினால் சரி. ஓவியர் டேவிட் ஹாக்னி 1982இல் போலராய்டு படங்களை அப்படித்தான் சேர்த்தார்.

சரி, அம்மாவின் பெயர். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்தேன். ஒரு கறுப்பு அட்டையில் வட்டமாகத் துளையிட்டு, அதன் வழியே மட்டும் கைபேசியின் வில்லை எட்டிப்பார்க்கும்படி வைத்தேன். டம்ளரின் நடுவில் இப்போது என் முகம் இல்லை, வெறும் கறுப்பு. சிறிய டார்ச் ஒன்றை டம்ளருக்கு நேர் மேலே, அதன் பக்கத்தை உரசுவதுபோல் கீழ்நோக்கிப் பிடித்தேன். டம்ளர் பக்கவாட்டில்தான் வளைந்தது, மேலிருந்து கீழாக நேர்க்கோடு. அதனால் வழவழப்பான பகுதி அந்த ஒளியைக் கீழேயே அனுப்பிவிட்டது, கேமராவுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வெட்டிய ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் குழி. குழியின் சரிவில் ஏதோ ஒரு துணுக்கு கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அத்தனை குழிகளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகளாக, அம்மாவின் பெயர் முழுசாக வந்தது. கடைசி எழுத்தின் வால் திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி கோட்டைவிட்டு வெளியே விழுந்திருக்கிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டியவரின் கை அங்கே சறுக்கியிருக்க வேண்டும். படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது எப்பவும் இருந்ததுதான்டா, விரலுக்குத் தட்டும்" என்றார்.