பிரிக் என்னும் செங்கல்

பல லினக்ஸ் வழங்கிகளில் (சர்வர் கணினிகளில்) உள்ள சேமிப்பிடத்தை ஒன்றுசேர்த்து ஒரே கோப்பு முறைமையாகக் காட்டும் மென்பொருள் கிளஸ்டர்எஃப்எஸ். கட்டற்ற மென்பொருள் திட்டமான குனூவின் பெயரையும், கணினிக் கூட்டத்தைக் குறிக்கும் கிளஸ்டர் என்னும் சொல்லையும் ஒட்டி உருவான பெயர் அது. தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே என்பதால் அந்த ஒட்டு கண்ணில் படாமல் போகிறது. இதை நிறுவுகிறவர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் ‘பிரிக்’. வட்டுக்குத்தான் இந்தப் பெயர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது பிழை. ஒரு வழங்கியின் பெயரும் அதிலுள்ள ஒரு கோப்புறையின் பாதையும் சேர்ந்ததே ஒரு பிரிக். பிரிக்குகள் பல சேர்ந்தது ‘வால்யூம்’, அதாவது தொகுதி. பயனர் தம் கணினியில் மவுண்ட் செய்துகொள்வது, அதாவது ஒரு கோப்புறைபோல் இணைத்துக்கொள்வது, தொகுதியைத்தான்.

செங்கல்லைக் குறிக்கும் ‘பிரிக்’ என்னும் சொல் ஆங்கிலத்துக்கு டச்சு, பிரெஞ்சு மொழிகளின் வழியே வந்தது. ‘உடைத்தல்’ என்னும் வினையோடு அதற்கு உறவு உண்டு என்பர். தமிழில் இதே பொருளுக்குச் சங்கப் பாடல்களிலேயே ‘இட்டிகை’ என்னும் சொல் ஆளப்பட்டிருக்கிறது. அது பிராகிருத வழி வந்தது. தெலுங்கும் கன்னடமும் அதன் வடிவங்களை இன்றும் வழங்குகின்றன. நம் பேச்சில் நிலைத்ததோ செம்மையும் கல்லும் சேர்ந்த ‘செங்கல்’.

கிளஸ்டர்எஃப்எஸ்ஸின் பிரிக்கை ‘சேமிப்புக்கூறு’ என்று தமிழில் பெயர்த்தால் வட்டு, வட்டுப்பகுதி, கோப்புறை ஆகிய மூன்றையும் அச்சொல் குறித்துவிடும். ‘கல்’ என்று மட்டும் சொன்னால் கருங்கல்லும் அதில் அடங்கும். செங்கல் என்றாலோ, ஒரே அளவில் அறுத்துச் சுட்டு அடுக்கப்படுவது, பழுதானால் சுவரை இடிக்காமல் அதை மட்டும் பெயர்த்து மாற்றக்கூடியது என்னும் பொருள் தானே விளங்குகிறது. மூன்று படிகள் (நகல்கள்) வைக்கும் தொகுதியில் ஒவ்வொரு கோப்பும் மூன்று செங்கற்களில் இருக்கும். ஒன்று போனாலும் தொகுதி தொடர்ந்து இயங்கும். பயன்படாமல் செத்துப்போன அலைபேசியைப் ‘பிரிக் ஆகிவிட்டது’ என்பது வேறு பொருள். தமிழ்ச் சொல்லை ஆண்டால் அந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. இத்திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி என்பதால், இதற்குத் தமிழ் விளக்கம் இல்லாதிருப்பது எனக்குக் கூடுதலாகவே உறுத்துகிறது.

செங்கல் வட்டன்று, கோப்புறை என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்பது நிறுவும்போது தெரியும். டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் செங்கல் வைக்கும் கணினிக்கு ‘கிளஸ்டர்எஃப்எஸ்-சர்வர்’ என்னும் மென்பொருள் பொதி வேண்டும். தொகுதியைப் பயன்படுத்த மட்டும் செய்யும் கணினிக்கு ‘கிளஸ்டர்எஃப்எஸ்-கிளையன்ட்’ போதும். வழங்கியில் தனி வட்டுப்பகுதி ஒன்றை எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை வடிவில் அமைத்து மவுண்ட் செய்தபின், அந்த இடத்தையே செங்கலாகக் கொடுத்தால் மென்பொருள் ஏற்க மறுத்து, அதனுள் ஓர் உட்கோப்புறையை உருவாக்கித் தரச் சொல்லும். மறுதொடக்கத்தின்போது வட்டு மவுண்ட் ஆகாமல் போனால் அந்த உட்கோப்புறை காணப்படாது. ஆகவே செங்கல் இயங்காது, இயங்குதளம் இருக்கும் வட்டுப்பகுதியில் தரவு தவறிச் சென்று நிரம்பவும் செய்யாது. இயங்குதளப் பகுதியிலேயே செங்கல் வைக்க முயன்றாலும் இதே மறுப்பு வரும். ‘ஃபோர்ஸ்’ என்னும் சொல்லைச் சேர்த்து இந்த மறுப்பை மீறலாம். சோதனைக் கணினியில் அன்றி வேறெங்கும் அதைச் செய்யலாகாது.

‘ஆட்-பிரிக்’, ‘ரிமூவ்-பிரிக்’, ‘ரிப்ளேஸ்-பிரிக்’ ஆகியவை கட்டளைகள் என்பதால், விசைப்பலகையில் அவற்றை உள்ளபடியே தட்ட வேண்டும். விளக்கவுரையில் செங்கல் சேர்த்தல், செங்கல் நீக்கல், செங்கல் மாற்றல் என்று எழுதலாம்.