சர்நேம்: குடும்பப் பெயரா, தந்தை பெயரா?

கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் வரும் ‘கிவன் நேம்’, ‘சர்நேம்’ என்னும் இரு சொற்களைத் தமிழில் பெயர்க்கும்போது முன்னதில் சிக்கல் இல்லை. குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஆதலால், அதனை ‘இடுபெயர்’ எனலாம். ‘இயற்பெயர்’ என்பாரும் உளர். எனினும் அச்சொல் இன்று பெரும்பாலும் புனைபெயருக்கு எதிராகவே வழங்குவதால் மயக்கம் தரும்.

‘சர்நேம்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘மேல்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும் ‘பெயர்’ என்பதும் சேர்ந்து, இட்ட பெயரின்மேல் ஒருவருக்குத் தொழிலாலோ ஊராலோ ஏறிய அடைபெயரை முதலில் குறித்தது. கொல்லனைச் சுட்டிய ‘ஸ்மித்’ போன்ற பெயர்கள், கொல்லுத்தொழில் செய்யாத பேரனுக்கும் இறங்கத் தொடங்கிய பின்னரே, ‘குடும்பப் பெயர்’ என்னும் இன்றைய பொருள் நிலைபெற்றது.

தமிழில் அடைபெயர் முன்னால் நிற்கும். சிறப்புப் பெயரோடு இயற்பெயர் சேர்ந்து வருமிடத்தில் இயற்பெயரை முற்படக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. ‘ஏனாதி’ என்னும் பட்டம் முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்கும் ‘ஏனாதி நல்லுதடன்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் ஊர், தந்தை, தன்பெயர் என்ற அடுக்கு தெளிவாகத் தெரிகிறது. ஊரின் முதலெழுத்தையும் தந்தை பெயரின் முதலெழுத்தையும் முன்னே இட்டு எழுதும் நம் தலைப்பெழுத்து வழக்கமும் இதே வரிசையில்தான் அமைகிறது.

ஆகவே, ‘சர்நேம்’ என்றதும் ‘குடும்பப் பெயர்’ என்று எழுதிவிடுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முருகேசனின் மகன் மு. செந்தில் வெளிநாட்டுக்குப் போனால் ‘மிஸ்டர் முருகேசன்’ ஆகிவிடுகிறார். அவர் மகள் கயல்விழிக்கோ ‘செந்தில்’ சர்நேம் ஆகிறது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் ஒன்றைக் குடும்பப் பெயர் என்பது எவ்வாறு? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அவ்வழியில் பட்டத்தைத் துறந்த குடும்பங்களில் வழிவழியாக இறங்க வேறு பெயரும் இல்லை. வழிவழி வருவதைக் ‘குடும்பப் பெயர்’ என்றும், நம்முடையதைத் ‘தந்தை பெயர்’ என்றும் (தாயின் பெயரை இடுவோர்க்குத் ‘தாய் பெயர்’ என்றும்) பிரித்தெழுதுவதே சரி.

‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என்னும் மொழிபெயர்ப்புகளைத் தவிர்க்கலாம். சீனரும் கொரியரும் குடும்பப் பெயரை முன்னே வைப்பவர்கள். மா சேதுங் என்பதில் ‘மா’தான் குடும்பப் பெயர். ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்க்கு வரிசை என்ற பேச்சே இல்லை. அமெரிக்க விசாவில் அவர்களுடைய பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விட, இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான ‘எஃப்என்யூ’ அச்சாகிறது.