மலைச் சைக்கிள் பயணத்தின் முதல் நாளும் டெல்டாக்காரர்களின் முழங்காலும்

தொடர் விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமைகளில், கும்பகோணத்தில் உள்ள எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு ஒரே மாதிரியான முழங்கால்கள் வந்துகொண்டிருக்கின்றன. சென்ற வாரம் வந்தவர் நாற்பதைக் கடந்தவர். ஞாயிறுதோறும் விடிவதற்குள் கிளம்பித் திருவையாறு வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறவர். நண்பர்களோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறியிருக்கிறார். மூன்று நாள் பயணம் அவருக்கு முதல் நாளோடு முடிந்துவிட்டது. எங்கள் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் சில்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னபோது முகம் சுருங்கியது. "எக்ஸ்ரேயில ஒன்னும் இல்லைங்கறாங்களே சார், அப்புறம் ஏன் வலிக்குது?" என்று கேட்டார். இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய பகுதியில் மேடு என்று சொல்ல ரயில்வே மேம்பாலத்தை விட்டால் வேறில்லை. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம்கூட இல்லை. தஞ்சாவூரும் ஏறத்தாழ 60 மீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் தூரம் என்பதைக் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை போய்வருவதில் பாதிதானே என்று நினைக்கிறார்கள். அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1500 மீட்டர் ஏறியாக வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆற்றங்கரைச் சாலையில் களைத்தால் மிதிப்பதை நிறுத்திவிடலாம், வண்டி தானாக உருண்டுகொண்டிருக்கும், கால் அதற்குள் இளைப்பாறிவிடும். மலையில் மிதிப்பதை நிறுத்திய மறுகணம் வண்டி நின்றுவிடும். மணிக்கணக்கில் ஒரு நொடியும் ஓய்வில்லாமல் உழைத்து நம் கால்களுக்குப் பழக்கமே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருந்தவைப்பது கியரைப் பற்றிய தவறான எண்ணம்தான். லைட் கியர் போடுவது பலவீனம், ஹெவி கியரில் அழுத்தி மிதித்தால்தான் கால் பலப்படும் என்று நம் ஊர்க் குழுக்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். சென்ற வாரம் வந்தவரும், "லைட் கியர்ல காலு சும்மா சுத்துது சார், வண்டி போன மாதிரியே இல்ல" என்றார். கால் அப்படிச் சுற்றத்தான் வேண்டும். ஒரே ஏற்றத்தில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு பேரில், ஒருவர் நிமிடத்துக்கு 80 முறை பெடலைச் சுற்றுகிறார், மற்றவர் 40 முறை சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் செய்யும் வேலை ஒன்றே. ஆனால் இரண்டாமவர் ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு மடங்கு விசையைக் கொடுக்கிறார். அந்த விசை மடங்கிய முழங்காலின் சில்லைத் தொடையெலும்பின் மேல் வைத்து அழுத்துகிறது. ஏற்றம் முடியும்வரை ஆயிரக்கணக்கான முறை அப்படி அழுத்தினால், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலே முழங்கால் வலிக்கும். இதனால் தொடை பலப்படுவதில்லை. தசை களைத்துப்போன பிறகு மூட்டுத்தான் அடிவாங்குகிறது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, செயின் இறுகுவதற்கு முன்பே, கியரைக் குறைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போய்விட்டால் இன்னும் குறையுங்கள். குறைக்க வேறு கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள், அதில் எந்த அவமானமும் இல்லை. பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் மட்டும் இருக்கும் வண்டிகளில், 34 பல் உள்ள செட்டைப் பொருத்த முடியுமா என்று புறப்படுவதற்கு முன்பே மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளலாம். மருந்து மாத்திரைக்கும் எங்கள் சிகிச்சைக்கும் ஆகும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

சீட் உயரத்தையும் சொல்லியாக வேண்டும். நின்றால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காகச் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். சமவெளியில் அது பொறுத்துக்கொள்ளும், ஏற்றத்தில் பொறுக்காது. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே முழுமையாக இறக்கும்போது முழங்கால் நேராக வேண்டும். அந்த அளவுக்குச் சீட் உயர்ந்தால்தான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்த நிலையில் இருக்கும். இதைப் பயணத்துக்கு முந்தைய இரவில் மாற்றாதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே மாற்றி, பழகிவிட்டுச் செல்லுங்கள்.

குழுவை அழைத்துச் செல்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரவு முழுவதும் வேனில் உட்கார்ந்து வந்து, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பொங்கலும் வடையும் வயிறு நிறையச் சாப்பிட்டு, உடனே ஏறத் தொடங்குவதை நிறுத்துங்கள். ஒரு நாள் முன்னதாகப் போய் இரவு தூங்கி எழுந்து ஏறுங்கள். வழியில் வேகமானவர்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கால் மணி நேரம் இளைப்பாறுகிறார்கள். கடைசியாக வருகிறவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்துட்டீங்களா, கிளம்பலாம்" என்று எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுகிற ஒருவருக்கு மட்டும் நாள் முழுவதும் ஓய்வு கிடைப்பதில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கடைசி ஆள்தான். அவர் வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும். கடைசி ஆளோடு அனுபவம் உள்ள ஒருவர் கூடவே வரவும் வேண்டும்.

மலையில் குளிர் என்பதால் வியர்க்காது என்று நினைக்காதீர்கள். மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது வியர்வையை உலர்த்த எதிர்க்காற்றே இருக்காது. அடிவாரம் நம் ஊரைப் போலவே வெக்கையானது. வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து, உப்பு குறைந்துவிடும். ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட மோரோ இடையிடையே குடியுங்கள். வியர்த்துக்கொண்டிருந்தவர் உளறினாலோ தடுமாறினாலோ உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மார்பில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி என்று யாராவது சொன்னால் அதை வாயு என்று தள்ளிவிட வேண்டாம், அதற்கும் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் அன்றைய அளவைத் தங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நீண்ட உழைப்பில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

கொல்லிமலைக்குத் திருச்சி, நாமக்கல் வழியாகப் போகிற நம் ஊர்க் குழுக்கள் சில, அன்றே ஏறி அன்றே இறங்கிவிடுகின்றன. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறிக் களைத்த கையோடு அத்தனை வளைவுகளிலும் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், விரல்களும் மரத்துப்போகும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விரல் மரத்தால் நின்று கையை உதறுங்கள். மேலே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் நனைந்த பனியனை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் வலிக்கும் முழங்காலில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். தொடையில் மட்டும் வலி என்றால் அது உழைத்த தசையின் வலி, மறுநாள் மெதுவாக ஓட்டலாம். முழங்கால் வீங்கியிருந்தாலோ, ஒரு படி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் குத்தினாலோ, மறுநாள் வேனில்தான் ஏற வேண்டும். அதற்காக வேனில் இரண்டு இருக்கைகளைப் பெட்டி, படுக்கை எதையும் ஏற்றாமல் காலியாக வைத்திருக்கும்படி டிரைவரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.