சொல் விளக்கம்: ஹாரர்

ஹாரர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், 'ஹொர்ரேரே' என்னும் இலத்தீன் வினை. குத்திட்டு நிற்பது, சிலிர்ப்பது, நடுங்குவது என்பன அதன் பொருள்கள். உரோமானியக் கவிஞர்கள் வயலில் நிமிர்ந்து நிற்கும் கதிர்களைச் சொல்லவும் இதே வினையை எடுத்தாண்டார்கள். ஆக, மனத்தின் பயத்தைச் சுட்டுவதற்கு முன்பே உடம்பின் மயிர் எழுந்து நிற்பதைச் சுட்டிய சொல் இது. திரைப்பட வகையின் பெயராக இது நிலைபெற்றது 1930களில். 1931இல் டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் வெளிவந்து ஓடிய பிறகு, பிரிட்டனின் தணிக்கை வாரியம் இத்தகைய படங்களுக்கென்றே 'எச்' என்று ஒரு தனிச் சான்றிதழை ஏற்படுத்தியது.

தமிழில் இதற்குப் பத்திரிகைகள் வழங்கும் சொல் 'திகில்'. கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு என்று இதற்கு உறவுகள் உண்டு. நல்ல சொல்தான். குறை என்னவென்றால், கொலைகாரனைப் போலீஸ் துரத்தினாலும் திகில் படம், கிணற்றிலிருந்து பேய் எழுந்து வந்தாலும் திகில் படம் என்று எழுதிவிடுகிறோம். த்ரில்லர் வேறு, ஹாரர் வேறு. இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியம் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது.

'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்பது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் நூற்பா. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: தாக்கி வருத்தும் தெய்வம், பேய் முதலியவை, கொடிய விலங்கு, கள்வர், ஆளும் தலைவன். கள்வரால் வரும் அச்சம் த்ரில்லருக்குப் போகட்டும். சுறாவும் முதலையும் துரத்தும் படங்கள் விலங்கின் கணக்கில் சேரும். இறையால் வரும் அச்சத்துக்குத் திரையரங்குவரை போக வேண்டியதில்லை. எஞ்சுவது அணங்கு. ஹாரரின் வீடு அதுதான்.

அணங்கு என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். வருத்தும் தெய்வத்துக்கும் அதுதான் பெயர், கண்டவரை மயக்கும் பெண்ணுக்கும் அதுதான் பெயர். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று குறளின் காமத்துப்பால் தொடங்குகிறது. அங்கே தலைவன் அஞ்சுகிறானா, ஈர்க்கப்படுகிறானா என்றால் இரண்டும்தான். பேய்க்கதை ஏன் தலைமுறை தாண்டியும் அலுக்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிடச் செறிவான விடையை நான் கண்டதில்லை. விலகி ஓடச் சொல்வதும் நின்று பார்க்கச் சொல்வதும் ஒரே பொருளாக இருக்கிறது. விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியே படம் பார்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

உடம்பும் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்லை. மயிர்க்காலை ஒட்டியுள்ள நுண்ணிய தசை சுருங்கினால் மயிர் எழுகிறது. அது அச்சத்தாலும் நடக்கும், இசையாலும் நடக்கும், பக்தியாலும் நடக்கும். 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று மாணிக்கவாசகர் பாடுவது இறைவனை நினைத்து. 'மயிர்க்கூச்செறிய வைத்தது' என்று வீரச்செயலுக்கும் எழுதுகிறோம், பேய்க்கதைக்கும் எழுதுகிறோம். இலத்தீன் வேரின் நேர்ப்பொருள் இந்த மயிர்க்கூச்சுதான். ஆனால் ஒரு கதைவகைக்குப் பெயராக வைக்க அது உதவாது.

கதையின் அச்சம் பார்ப்பவருக்கு எப்படிச் சுவையாகிறது என்பதையும் பழைய நாடக நூலார் யோசித்திருக்கிறார்கள். 'உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு' என்பது செயிற்றியம் என்ற மறைந்துபோன நாடக நூலின் வரி, உரையில் மேற்கோளாகத் தப்பிப் பிழைத்தது. நடிப்பவன் உணர்ந்தது காண்பவருக்கும் வந்து சேர்வதே மெய்ப்பாடு என்பது அதன் பொருள். ஆபத்து மேடையில் இருப்பவனுக்கு. நடுக்கம் மட்டும் நமக்கு. டிக்கெட் வாங்குவது அந்த நடுக்கத்துக்காகத்தான்.

சரி, எதை எழுதுவது? அணங்கை மீட்டெடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று 'அணங்குப் படம்' என்று சுவரொட்டி ஒட்டினால் வேறு எதையோ எதிர்பார்த்துக் கூட்டம் வரும். எனவே ஹாரருக்குத் திகில் என்பதையே வைத்துக்கொள்ளலாம். த்ரில்லருக்கு அதைக் கடன் கொடுப்பதை நிறுத்தினால் போதும், அதற்குப் 'பரபரப்பு' இருக்கிறது. பேய் வரும் கதையைப் பேய்க்கதை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். 'பே, நாம், உரும்' மூன்றும் அச்சப் பொருள் தருபவை என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். பேயை இந்தப் 'பே'யோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. உடல் சிதைந்து உருமாறும் 'பாடி ஹாரர்' வகையில் அச்சத்தோடு இளிவரலும், அதாவது அருவருப்பும், கலந்திருக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றில் இளிவரல் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அந்தப் படங்களின் கதைச்சுருக்கம் போலவே இருக்கிறது.

'ஹாரர் காமெடி'க்குப் பேய் நகைச்சுவை என்பதே போதும். அது தமிழுக்கு வந்த புதுச்சரக்கும் அல்ல. 12ஆம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. பிறகு போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து, பந்தி வைத்துப் பரிமாறி உண்கின்றன.