மழையே இல்லை, படம் ஏன் உடைகிறது?

பணகுடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மழை பெய்தால் டிவியில் படம் போவது புரிகிறது. ஆனி, ஆடியில் வானம் பளிச்சென்று இருக்கும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, ஏன்? ஆள் வந்து டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதைதான்.”

பாதி விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மழையோடு போய், மழை விட்டதும் தானாகத் திரும்பிவிடும் படத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். டிஷ்ஷுக்கு வரும் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. வறண்ட காற்றில் உடையும் படம் வேறு வகை. அங்கே டிஷ்ஷின் பிடிமானம் தளர்ந்திருக்கிறது.

டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கி.மீ. உயரத்தில் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகின்றன. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. இப்போது கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது நேர் கிழக்கிலிருந்து சுமார் 28 டிகிரி தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில் இருக்கும். டெல்லிக்காரருக்கு அதே கோள் 52 டிகிரி உயரத்தில்தான் தெரியும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிட்டத்தட்ட உச்சியைப் பார்க்கிறோம். ஆனால் நம் டிஷ் அவ்வளவு நிமிர்ந்து நிற்பதில்லை. வீட்டு டிஷ் ஒரு பெரிய பரவளையத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனால் அதன் முகம் பார்க்கும் திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே இருப்பதைத்தான் அது வாங்குகிறது.

இந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. 60 செ.மீ. டிஷ் இந்த அலைகளைக் குவிக்கும்போது அதன் பார்வை மொத்தமே 3 டிகிரி அகலம்தான். நடுவிலிருந்து ஒரு டிகிரி விலகினால் வரும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஒன்றரை டிகிரி விலகினால் பாதி போய்விடும். பழைய ஆன்டெனா டிவியாக இருந்தால் படம் கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். டிஜிட்டல் ஒளிபரப்பு அப்படி மெல்ல மங்காது. ஓர் எல்லை வரை பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு தெளிவான படம் தரும். அந்த எல்லையைத் தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போகும்.

ஒரு டிகிரி என்பது கோள் இருக்கும் தூரத்தில் 630 கி.மீ. அகலம். இங்கே, நம் மாடியில்? டிஷ்ஷைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கும் ஒன்றரை அங்குலக் குழாயின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 0.33 மில்லிமீட்டர். கிளாம்ப் குழாயின் மேல் அந்த அளவு வழுக்கினால் சிக்னலில் கால் பங்கு போச்சு. “நாலு போல்ட்டு போட்டாச்சு அண்ணாச்சி, எங்கியும் விழாது” என்று மாட்டிவிட்டுப் போகும் தம்பி சொல்வது முழுக்க உண்மை. விழாதுதான். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நகராமல் இருக்குமா என்பதுதான் நமக்கு வேண்டிய பதில்.

நகர்த்துவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதி, இடைவெளி கிடைக்கும் இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருவது முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே வருவது கயத்தாறு வரை எட்டுகிறது. காற்றாலைகள் அங்கங்கே வரிசை கட்டி நிற்பது இதனால்தான். காற்றின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். மணிக்கு 50 கி.மீ. காற்று 60 செ.மீ. டிஷ்ஷை நேராகத் தள்ளினால் அது சுமார் 4 கிலோ எடையின் அழுத்தம். 100 கி.மீ. ஆனால் 17 கிலோ.

17 கிலோ பெரிய சுமையாகத் தோன்றாது. ஆனால் அது போல்ட்டுக்கு 17 கிலோவாகப் போய்ச் சேருவதில்லை. டிஷ்ஷின் மையம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, சுவரில் பதியும் அடித்தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி விசை ஐந்து மடங்காகும். மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்க 85 கிலோ இழுக்கிறது. அதுவும் சீராக இழுப்பதில்லை. காற்று விட்டு விட்டு அடிக்கும் ஒவ்வொரு முறையும் இழுத்து இழுத்து விடுகிறது.

இந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கும் ஆங்கர் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள், அதற்குள் இருக்கும் யோசனை அபாரமானது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் திருகு போட்ட தண்டு, அதன் உள்முனை கூம்பாக அகன்றிருக்கும். அதைச் சுற்றி, நீளவாக்கில் பிளந்த ஒரு தகட்டு உறை. துளையில் செருகி வெளியே நட்டை முடுக்கினால் தண்டு நம் பக்கம் இழுபடும். கூம்பு உறைக்குள் ஏறும். உறை விரிந்து துளையின் சுவரை நெருக்கும். கோடரிக் காம்பின் தலையில் ஆப்பு அடிப்பது போலத்தான்.

அழகு இதற்குப் பிறகு வருகிறது. காற்று அடித்து போல்ட்டை வெளியே இழுத்தால் என்ன ஆகும்? சாதாரண ஆணியாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். இங்கே இழுப்பு கூடக் கூடக் கூம்பு உறைக்குள் இன்னும் ஏறுகிறது, உறை இன்னும் விரிகிறது, பிடி இன்னும் இறுகுகிறது. பிடுங்க வரும் விசையையே பிடியாக மாற்றிக்கொள்கிறது இந்தக் கருவி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கூம்புக்கும் உறைக்கும் நடுவே உராய்வு குறைவாகவும், உறைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே அதிகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் கூம்பு உள்ளே வழுக்கும், உறை வெளியே நிற்கும். இந்த வித்தியாசம் தலைகீழானால் உறையும் கூம்பும் சேர்ந்து மொத்தமாக வெளியே வந்துவிடும்.

அதைத் தலைகீழாக்குவது எது? துரு ஒன்று. துருப்பிடித்த கூம்பு உறையோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, ட்ரில் போட்டதும் துளைக்குள் தங்கும் மாவு போன்ற தூசி. உறை கான்கிரீட்டைப் பிடிக்காமல் அந்தத் தூசியின் மேல் வழுக்கும். துளை போட்டதும் ஒரு பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடிக்கும் பம்பால் ஊதிவிட்டுப் போல்ட்டைச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

துளையின் ஆழமும் முக்கியம். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அதனால் நல்ல ஆங்கரும் அளவு மீறி இழுபட்டால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பெயர்த்துக்கொண்டு வரும். ஆழத்தை இரட்டித்தால் அந்தக் கூம்பைப் பெயர்க்க 2.8 மடங்கு விசை தேவைப்படும். மேல் பூச்சின் கனத்தை ஆழக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஓரத்துக்குப் பக்கத்திலும் போடக் கூடாது. செங்கல் சுவரில் உறை விரிந்து கல்லையே பிளந்துவிடக்கூடும். அங்கே சுவரை முழுக்கத் துளைத்து, மறுபக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து முடுக்குவதுதான் நம்பகமான வேலை.

எங்கே மாட்டுவது? நம் ஊரில் இந்த இடத்தில் வாஸ்து வந்து நிற்கிறது. கன்னி மூலைதான் உயரமாக இருக்க வேண்டும் என்று தென்மேற்கு மூலைச் சுவரில் டிஷ்ஷை ஏற்றுகிறார்கள். நம் பகுதியில் ஆனி ஆடிக் காற்றை முதலில் வாங்குவதே மேற்குப் பக்கம்தான். தட்டைக் கூரையின் காற்று பார்த்த மூலையில் சுழல்கள் உருவாகி மற்ற இடங்களைவிட வேகமும் இழுப்பும் கூடும். வீட்டிலேயே மோசமான இடத்தைத் தேடிப் பிடித்து டிஷ் வைப்பதற்கு சாஸ்திரம் என்று பெயர் வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாடிப்படி அறையின் கிழக்குச் சுவர் எவ்வளவோ மேல். மேற்கே அறை காற்றை மறைக்கும். கோள் இருப்பது தென்கிழக்கு வாக்கில், அதனால் அறை அதை மறைக்காது. 69 டிகிரி உயரம் என்பதால், முன்னால் டிஷ்ஷைவிட 3 மீட்டர் உயர்ந்த சுவர் இருந்தாலும் ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

மொட்டை மாடித் தரையில் ஆங்கர் அடிக்கவே வேண்டாம். தட்டோடும் அதன் கீழே உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் போல்ட்டைப் பிடிக்காது. நீர் இறங்க வழிதான் உண்டாகும். ஓட்டை போட மனமில்லாதவர்கள் 45 செ.மீ. சதுரம், 15 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் கட்டை வார்த்து அதில் குழாயை நட்டுவிடலாம். 70 கிலோவுக்கு மேல் கனக்கும். டிஷ்ஷின் மையம் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் 100 கி.மீ. காற்றிலும் சாயாது. ஸ்டாண்டின் காலில் இரண்டு கல்லை வைத்து நிறுத்துவது அன்றாடக் காற்றுக்குத் தாங்கும், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி போன்ற புயலுக்குத் தாங்காது. புயல் காலத்தில் காற்று கிழக்கிலிருந்தும் வரலாம், அப்போது டிஷ்ஷின் குழிந்த முகத்திலேயே நேராக அடிக்கும்.

கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. இவ்வளவு பெரிய அறிவியல் நடக்கும் மண்ணில், வீட்டுக் கூரைத் தகரம், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை, டிஷ் இவற்றின் மேல் கணவாய்க் காற்று என்ன செய்கிறது என்று அளப்பதற்கும் ஒரு சிறு பங்குப் பணம் ஒதுக்க வேண்டும். உள்ளூர்ப் பாலிடெக்னிக் மாணவர்கள் காற்றுமானியோடு ஒரு ஆடி மாதம் மாடிகளில் ஏறினாலே நல்ல தரவு கிடைக்கும்.

கடைசியாக நட்டு. அதிர்வில் நட்டு ஏன் கழல்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் விளக்கினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் இழுப்பைவிட, குறுக்குவாக்கில் தகடுகள் வழுக்கும் சிறு அசைவுதான் நட்டைத் திருப்பிவிடுகிறது. சாதாரண ஸ்பிரிங் வாஷர் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நன்றாக இறுக்கி, தகடு வழுக்கவே விடாமல் செய்வதுதான் முதல் காப்பு. அதோடு, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போட்டால் இன்னும் நல்லது.

பணகுடி வாசகர் அடுத்த முறை ஆள் வந்து டிஷ்ஷைச் சரிசெய்து முடித்ததும், கிளாம்ப்பிலிருந்து குழாய் வரை குறுக்கே மெல்லியதாக ஒரு பெயின்ட் கோடு இழுத்து வைக்கட்டும். ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை இன்னொன்று. படம் உடையும்போது, காற்று அடங்கிய நேரமாகப் பார்த்து மாடியேறிப் போய்ப் பார்த்தால், எந்தக் கோடு விலகியிருக்கிறதோ அந்த இடம்தான் வழுக்கியிருக்கிறது. டிஷ்ஷைத் திருப்புவதற்கு முன்னால் அதை முடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கோடும் விலகாமல், சுவரில் பதிந்த அடித்தகடே ஆடினால் ஆங்கரை மாற்ற வேண்டும். அதே பழைய துளையில் வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் புதிய துளை போட்டு மாட்டச் சொல்லுங்கள்.